இலவச ஏஐ வகுப்பு லேத் ஓட்டுபவருக்கு உதவுமா?

கேள்வி, 9 டிசம்பர் 2025

அப்பாவுக்கு 52 வயது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் 24 வருடமாக லேத் (கடைசல் மெஷின்), அதில் கடைசி 11 வருடம் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி. பத்தாவது ஃபெயில். இனிமேல் எல்லாம் ஏஐதான் என்று கம்பெனியில் பேச்சு அடிபடுகிறது, மனுஷன் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். அரசாங்கமே இலவசமாக ஏஐ கற்றுத் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? சேர்த்துவிட்டால் அவருக்குப் பயன் இருக்குமா, இல்லை சர்டிபிகேட்டுக்கு மட்டும்தானா? பெங்களூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 டிசம்பர், இரவு 11 மணி

உண்மைதான். பெயர் யுவா ஏஐ ஃபார் ஆல். மத்திய அரசின் இந்தியாஏஐ மிஷன் போன மாதம் வெளியிட்டது. ஆறு பகுதி, மொத்தம் நாலரை மணி நேரம், கட்டணம் கிடையாது, முடித்தால் இந்திய அரசு சான்றிதழ். ஒரு கோடிப் பேருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. ஃபியூச்சர்ஸ்கில்ஸ் பிரைம் தளத்தில் இருக்கிறது. நான் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு யூனிட்டில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

உங்கள் அப்பாவைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கிறவரைத் தனியாக ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் பயம்தான் கூடும்.

10 டிசம்பர்

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமையாகிவிட்டது. பாடத்தில் குறை இல்லை, ஏஐ என்றால் என்ன, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யாரை மனதில் வைத்துச் செய்தது என்று பாருங்கள், பெயரே யுவா. ஐஐடி மெட்ராஸ் ஸ்வயம் பிளஸ் என்ற ஆன்லைன் தளம் வழியாக ஐந்து இலவச ஏஐ பாடங்கள் கொடுக்கிறது. பைத்தான், இயற்பியல், வேதியியல், கணக்கியல், கிரிக்கெட் அலசல். கிரிக்கெட்டுக்கு இருக்கிறது, லேத்துக்கு இல்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு அது நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. 2023 ஜூலை 15 அன்று ஏஐ ஃபார் இந்தியா 2.0 என்று ஒன்று வந்தது, ஸ்கில் இந்தியாவும் சென்னையிலிருந்து வந்த குவி (GUVI) என்ற பயிற்சி நிறுவனமும் சேர்ந்து ஒன்பது இந்திய மொழிகளில். அது வந்ததே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

தமிழில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

14 டிசம்பர், ஞாயிறு

இதே யோசனையாக இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அம்மா கல் குவாரியில் ஜல்லி உடைத்தவள். 1991-ல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு ஏழு வயது. சாயங்காலம் வேலை முடிந்து, உலை வைத்துவிட்டு, தெருவிளக்குக்குக் கீழே போய் உட்காருவாள். சொல்லிக் கொடுத்தது வாத்தியார் கிடையாது, பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு அக்கா. சம்பளம் இல்லை. அகர வரிசையில் ஆரம்பிக்கவில்லை, ‘பட்டா’, ‘கூலி’ என்று அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த வார்த்தைகளில் ஆரம்பித்தார்கள். அம்மா முதலில் படித்தது மேஸ்திரி நோட்டில் தன் பெயருக்கு நேராக எத்தனை நாள் போட்டிருக்கிறது என்பதை.

அப்புறம் சைக்கிள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளியோடு சேர்த்தார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் சிரித்தார்கள். சம்பந்தம் என்னவென்று எங்கள் வீட்டில் தெரிந்தது, அம்மா குவாரிக்கு நடப்பது நின்றது, தண்ணீர்க் குடத்தை கேரியரில் கட்டினாள், வகுப்புக்குப் போகவும் நேரம் கிடைத்தது. அவள் பழகும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான்தான். எட்டு வயதுப் பிள்ளை பிடித்து அந்த வண்டி நிற்காது. ஆனாலும் ‘விட்டுடாதடி, விட்டுடாதடி’ என்று கத்திக்கொண்டே மிதிப்பாள். யாரோ பிடித்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளுக்குத் தேவைப்பட்டது.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. வீடியோ போதாது, கேரியரைப் பிடிக்க ஆள் வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு அறை உண்டு, ஞாயிறு சும்மா பூட்டித்தான் கிடக்கிறது. நாத்தனார் மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், கேட்டேன், வருகிறேன் என்றாள். வரும் ஞாயிறு நான்கு மணி. அப்பாவைக் கூட்டி வாருங்கள்.

15 டிசம்பர்

அறிவொளியில் படித்த பலர் நாலு வருடத்தில் எழுத்தை மறந்துவிட்டார்களே என்று கேட்டவருக்கு: ஆமாம். என் அம்மாவும்தான். பஸ் போர்டு படிப்பாள், கையெழுத்து நிற்கும், பேப்பர் படிப்பது நின்றுபோனது. வகுப்பு முடிந்த பிறகு அவள் கைக்குப் படிக்க ஒன்றும் வரவில்லை. நேற்று அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு. சைக்கிளை மட்டும் மறக்கவில்லை, அதை அவள் தினமும் ஓட்டினாள்.

21 டிசம்பர், ஞாயிறு

ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் சிஎன்சி ஆபரேட்டர், ஒருவர் ஆட்டோ, ஒரு அக்கா மைசூர் ரோடு பக்கம் கார்மெண்ட்ஸில் தைக்கிறவர், ஒரு அக்கா வீட்டிலிருந்தே மாவு அரைத்து விற்பவர், அவர் பையன், அப்புறம் எதற்கு வந்தேன் என்று கடைசி வரை சொல்லாத ஒரு பெரியவர். கேள்வி கேட்ட தம்பியும் அப்பாவும் வரவில்லை.

பாடம் ஓட்டவில்லை. போனை எடுங்கள், மைக் பொத்தானை அழுத்துங்கள், உங்கள் வேலையில் இந்த வாரம் என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள் என்றோம். ஒரு ஆபரேட்டர் ‘இன்சர்ட் சீக்கிரம் தேயுது, மாத்திக்கிட்டே இருக்கணும், என்ன பண்ணலாம்’ என்றார். இன்சர்ட் என்பது லேத்தில் உலோகத்தை வெட்டும் சின்ன முனை. அதற்கு ‘என் சட்டை சீக்கிரம் தேயுது’ என்று கேட்டிருக்கிறது. நல்ல பருத்தித் துணி வாங்கு, வெயிலில் உலர்த்தாதே என்று அரைப் பக்கம் அறிவுரை. அறையே சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது, அதற்கப்புறம் யாருக்கும் கூச்சம் இல்லை. பெரியவர்கூட மைக்கை அழுத்தினார்.

இன்சர்ட் கேள்வியை மறுபடி, பொருள் எந்த ஸ்டீல், வேகம் எவ்வளவு, ஃபீட் (டூல் முன்னேறும் அளவு) எவ்வளவு, கூலன்ட் சரியாகப் படுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கேட்டதும் பதில் உருப்படியாக வந்தது. அவ்வளவு விவரமும் அவருக்கு மனப்பாடம். அதை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் புதிது.

22 டிசம்பர்

தமிழில் கொடுத்தால் பாதி தீரும் என்று 10-ஆம் தேதி எழுதினேன், அதைத் திருத்துகிறேன். நேற்று வந்த ஏழு பேரில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் இங்கேயே பிறந்து கன்னட மீடியத்திலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படித்தவர்கள், தமிழ் வாயில் மட்டும்தான். மாவு விற்கும் அக்கா வீட்டில் தமிழ், கஸ்டமரிடம் கன்னடம், கணக்கு இங்கிலீஷ் எண்ணில். அவருக்குத் தமிழில் நாற்பது பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் அப்படியே அலமாரிக்குப் போகும். வேண்டியது குரல், அதுவும் எங்கள் தெருப் பேச்சைப் புரிந்துகொள்ளும் குரல். 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் மொழித் திட்டமான பாஷிணியும், ஐஐடி மெட்ராஸில் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிப் பேச்சுக்காகத்தான் வேலை செய்கிறார்கள். அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்யும் இ-ஷ்ரம் தளம் 2025 ஜனவரியில் பாஷிணியோடு சேர்ந்து 22 மொழிகளுக்கு வந்தது. ஆனால் ‘மேஸ்திரி ஆஃப்செட் போட்டாச்சு, ஸ்வல்ப டைட் இருக்குது’ என்று மூன்று மொழியைக் கலந்து ஒரே மூச்சில் பேசுகிற பீன்யாக்காரரைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் காலம் ஆகும். அதுவரை நிறுத்தி நிதானமாகப் பேசச் சொல்லிக் கொடுக்கிறோம்.

28 டிசம்பர், ஞாயிறு

பதினொரு பேர். தம்பியும் அப்பாவும் வந்தார்கள். தம்பியின் அப்பா, அந்த அண்ணன், கை கட்டி மூலையில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரப்படுத்தவில்லை.

இன்றைக்குக் கார்மெண்ட்ஸ் அக்கா கலவரத்தோடு வந்தார். போன வாரம் வகுப்பு முடிந்து வீட்டில் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்துக் கேட்டிருக்கிறார். மொத்தம் 14,000, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 105. அது என்ன சொல்லியிருக்கிறது என்றால், தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், 245 ரூபாய் பிடித்திருக்க வேண்டும், கம்பெனி குறைவாகப் பிடித்திருக்கிறது, உங்கள் காப்பீட்டுக்கே ஆபத்து வரலாம் என்று. அக்கா ஒரு வாரம் சாப்பிடவில்லை. புருஷனுக்கு ஜனவரியில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி.

1.75 என்பது பழைய கணக்கு. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25. 14,000-க்கு 0.75 போட்டுப் பாருங்கள், 105 வருகிறது. கம்பெனி சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நான் சம்பளப் பட்டியல் பக்கம் வேலை பார்த்தவள் என்பதால் பார்த்தவுடன் தெரிந்தது. தெரியாத ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால்? அக்கா அடுத்த நாள் எச்ஆரிடம் சண்டைக்குப் போயிருப்பார், வேலையே போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. போட்டோ எடுத்துக் கேள் என்று சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான், பதிலை எங்கே சரிபார்ப்பது என்று சொல்லிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம். சைக்கிள் மிதிக்கக் கற்றுக் கொடுத்து பிரேக்கைக் காட்டாமல் விட்ட மாதிரி. இனி எங்கள் வகுப்பில் முதல் அரை மணி நேரம் இதற்குத்தான்: பணம், உடம்பு, சட்டம், வேலை பற்றி அது எதைச் சொன்னாலும் எந்தத் தேதி நிலவரம் என்று கேள், எங்கே பார்த்து உறுதி செய்யலாம் என்று கேள், அங்கே போய்ப் பார், முடியாவிட்டால் ஞாயிறு வரை பொறு.

29 டிசம்பர்

சேர்க்க மறந்தது. அக்கா அந்தச் சீட்டை முழுசாக, யுஏஎன் (பிஎஃப்) எண், பேங்க் கணக்கு எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்திருந்தார். எண்கள் இருக்கும் இடத்தைத் துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டு எடுங்கள். ஆதார் வேண்டவே வேண்டாம்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை இந்த இழையில் எழுதியே ஆக வேண்டும்.

நாத்தனார் மகள் ஒரு ஷாஃப்ட் டிராயிங்கைக் கொடுத்து, சிஎன்சி லேத்துக்கு புரோகிராம் எழுதச் சொன்னாள். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. பெரிய திரையில் போட்டோம், எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கம்பெனியில் புரோகிராமருக்காக அரை நாள் காத்திருப்பது வழக்கம். மூலையில் இருந்த அண்ணன் எழுந்து வந்தார். திரைக்குப் பக்கத்தில் நின்று, விரலை வைத்து, வரி வரியாகக் கீழே இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

‘ஜி96 போட்டிருக்கு. மேலே ஜி50 எங்கே?’

லேத் தெரியாதவர்களுக்கு: ஜி96 போட்டால் டூல் வெட்டும் இடத்தில் வேகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். விட்டம் குறையக் குறைய, பொருளைச் சுற்றும் ஸ்பிண்டிலின் சுற்று ஏறும். பொருளின் முகப்பை வெட்டிக்கொண்டே டூல் நடு மையத்துக்குப் போகும்போது விட்டம் பூஜ்யம், அப்போது ஸ்பிண்டில் தன்னால் முடிந்த உச்ச வேகத்துக்குப் பறக்கும். அதைத் தடுக்கத்தான் முன்னாலேயே ஜி50 போட்டு, இதற்கு மேல் சுற்றாதே என்று எல்லை கட்டுவது. எல்லை இல்லாமல், பெரிய சக்கில் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), ஜாப் (வெட்டும் பொருள்) சரியாகப் பிடிக்காமல் இருந்தால் அது சக்கை விட்டுப் பறக்கும். அண்ணன் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ‘நான் ஒரு தடவை பார்த்திருக்கேன், கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போச்சு’ என்றார். அறை அமைதியாகிவிட்டது.

அப்புறம் அவரே மைக்கை வாங்கி, ஜி50 இல்லையே என்று அதனிடம் சொன்னார். அது மன்னிப்புக் கேட்டு வரியைச் சேர்த்தது. இன்னும் இரண்டு இடத்தில் ஃபீட் அதிகம் என்று திருத்தச் சொன்னார், அதையும் திருத்தியது. முக்கால் மணி நேரம் நின்றபடியே இதைச் செய்தார். இப்படியும் நேராக மெஷினில் ஏற்றக் கூடாது, முதலில் ஜாப் இல்லாமல் டிரை ரன், அப்புறம் சிங்கிள் பிளாக், அதாவது ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டுவது என்று எங்களுக்கே பாடம் எடுத்தார்.

தம்பி, வாசலில் நீங்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

5 ஜனவரி

அப்படியானால் அவருக்கு ஏஐ தேவையே இல்லையே என்று கேட்கிறார்கள். தேவை. கன்ட்ரோலர் மேனுவல் முழுக்க இங்கிலீஷ், 11 வருடமாக அது அவருக்கு மூடிய புத்தகம். நேற்று ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து, தமிழில் வாசித்துச் சொல் என்று கேட்டார். அலாரம் வந்தால் இனி மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை கையைப் பிசைந்து நிற்க வேண்டியதில்லை, என்ன அலாரம் என்றாவது தெரியும். (கன்ட்ரோலர் மாடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஒரே எண்ணுக்கு மாடலுக்கு மாடல் அர்த்தம் மாறும்.) புரோகிராம் எழுதுவதும் மெல்ல வரும். அவருக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டுதான் அவர் இதற்குள் வர முடியும், 9-ஆம் தேதி நான் அதை யோசிக்கவே இல்லை.

11 ஜனவரி, ஞாயிறு

ஆறு பேர்தான். கம்பெனிகளில் பொங்கலுக்கு முன் டெஸ்பாட்ச் நெருக்கடி, எல்லாருக்கும் ஓவர்டைம். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். இந்த ஞாயிறு வகுப்புக்கு வருபவர் அதை விட்டுவிட்டு வருகிறார், அப்புறம் எப்படி இது இலவசம்?

சிங்கப்பூரில் என் அண்ணன் இருக்கிறான். அங்கே 2015-ல் ஆரம்பித்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திட்டத்தில் 25 வயது நிறைந்த குடிமக்களுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) படிப்புக் கணக்கில் போட்டார்கள். 2024-ல் 40 வயது நிறைந்தவர்களுக்கு இன்னும் 4,000. நடு வயதில் தொழில் மாறுவது கஷ்டம் என்று அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. பின்லாந்தில் 2018-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் எலிமெண்ட்ஸ் ஆஃப் ஏஐ என்று இலவசப் பாடம் விட்டது, மக்களில் ஒரு சதவீதம் பேருக்குச் சொல்லிக் கொடுப்போம் என்று. பிறகு உலகம் முழுவதும் 10 லட்சம் பேரைத் தாண்டியது. ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2002-ல் மலப்புரத்தில் கேரளம் தொடங்கிய அக்ஷயா: வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் தெரிய வேண்டும், நடந்து போகிற தூரத்தில் மையம் இருக்க வேண்டும். அந்த மையங்கள் இன்றும் நடக்கின்றன, வகுப்பு முடிந்த பிறகும் கதவு திறந்திருக்கிறது. என் அம்மாவுக்குக் கிடைக்காதது அது.

மத்திய அரசும் 2017-ல் வீட்டுக்கு ஒருவர் என்று ஆறு கோடி குடும்பங்களுக்கு டிஜிட்டல் பயிற்சி தொடங்கியது. கிராமப்புறத்துக்கு மட்டும். கிராமத்திலிருந்து கிளம்பி ஸ்ரீராம்புரத்தில் பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர் அங்கேயும் கணக்கில் இல்லை, இங்கேயும் இல்லை.

இந்தியாஏஐ மிஷனுக்கு 2024 மார்ச்சில் ஒதுக்கியது ஐந்து வருடத்துக்கு 10,372 கோடி. அதிலிருந்து பீன்யா மாதிரி ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், சம்பளத்தோடு இரண்டு சொல்லிக் கொடுக்கும் ஆட்கள், வாரம் இரண்டு மணி நேரம் ஷிப்டுக்குள்ளேயே. இதைக் கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

12 ஜனவரி

‘கற்றுக்கொண்டால் வேலை போகாதா?’ என்று நேரடியாகக் கேட்டவருக்கு நேரடியாகவே சொல்கிறேன். போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் அளவு பார்க்கும் நான்கு பேர் இருந்த இடத்தில் கேமரா வந்து ஒருவர்தான் மிச்சம். அந்த மூன்று பேருக்கும் திறமை குறைவில்லை, ஒருவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்காமலே தேய்மானத்தைச் சொல்வார். எந்தச் சர்டிபிகேட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. கேமரா வருவதற்கு ஆறு மாதம் முன்னால் யாராவது அவர்களைக் கூப்பிட்டு, இதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு வகுப்பு எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் வகுப்பிலும் இப்படியேதான் சொன்னேன்.

வேலை உத்தரவாதம் என்று சொல்லிப் பத்தாயிரம், இருபதாயிரம் கேட்கும் ஏஐ கோர்ஸ்களுக்கு மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஆட்டோ அண்ணன் மகனுக்காக வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார், இலவசப் பாடத்தில் இருப்பதே அதிலும் இருந்தது.

18 ஜனவரி, ஞாயிறு

பதினாறு பேர். ஒன்பது பேர் பெண்கள். யுவா ஏஐ பாடத்தையும் இன்று ஆரம்பித்தோம், ஒரு பகுதியை ஓட்டி, நடு நடுவே நிறுத்தி, பீன்யா உதாரணம் சொல்லி. தனியாகப் பார்ப்பதற்கும் பதினாறு பேரோடு பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். சேர்க்காதீர்கள் என்று முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், தனியாக உட்கார வைக்காதீர்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கார்மெண்ட்ஸ் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அண்ணன் அடுத்த வாரம் தன் கம்பெனியிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டி வருகிறாராம். வெர்னியர் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அளவே எடுக்கத் தெரியாதவனுக்கு ஏஐ எதற்கு என்று.

18 ஜனவரி, இரவு

நேரம் மாறுகிறது. எங்கள் தெருவில் ஞாயிறு நான்கு மணிக்குத்தான் தண்ணீர் விடுகிறார்கள், பெண்கள் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. இனி ஐந்தரை மணி. ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் இறங்கி இங்கே ஒரு செய்தி போடுங்கள், யாராவது வந்து கூட்டிப் போவோம். போன் சார்ஜ் செய்துகொண்டு வாருங்கள், அறையில் பிளக் பாயின்ட் ஒன்றுதான் இருக்கிறது.